ஒரே இரவு, பல மைக்குகள்: லெட் செப்பலின் ரசிகர் பதிவுகளுக்கு ஓர் அறிமுகம்

1970 செப்டம்பர் 4 இரவு லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் கச்சேரி நடந்தது. குழுவின் மூன்றாவது ஆல்பம் கடைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதில் வரவிருந்த சில பாடல்களை அன்றைய கூட்டம் முன்கூட்டியே கேட்டுவிட்டது. அந்தக் கூட்டத்துக்குள் டேப் ரெக்கார்டரோடு நுழைந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிடித்த டேப்புகளில் ஒன்று இரட்டை இசைத்தட்டாக அச்சாகி, "லைவ் ஆன் புளூபெர்ரி ஹில்" என்ற பெயரில் கைமாறத் தொடங்கியது. ஃபேட்ஸ் டாமினோ பாடிப் புகழ்பெற்ற ஒரு பழைய பாட்டைக் குழு அன்றிரவு கடைசியில் பாடியது. பெயர் அங்கிருந்து வந்தது. குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழுவுக்கு இதிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

ராக் இசை உலகில் இப்படிப்பட்ட வெளியீட்டை பூட்லெக் என்பார்கள். இதற்கு ஓராண்டு முன்பு, 1969-இல், பாப் டிலனின் வெளிவராத பாடல்களைத் தாங்கி "கிரேட் ஒயிட் வொண்டர்" என்ற இசைத்தட்டு வெற்று வெள்ளை உறையில் கலிஃபோர்னியாக் கடைகளுக்கு வந்தது. ராக் இசையில் இந்த வியாபாரம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான். அடுத்த பத்தாண்டுகளில் பூட்லெக்காரர்கள் மிகுதியாகக் குறிவைத்த குழுக்களில் லெட் செப்பலினும் ஒன்று.

புதியவர்கள் பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கடையில் விற்கும் ஆல்பத்தை அப்படியே நகலெடுத்து விற்பது திருட்டுப் பதிப்பு. அதில் சேகரிப்பாளருக்கு எந்த ஆர்வமும் கிடையாது. அவர் தேடுவது குழுவோ நிறுவனமோ என்றுமே வெளியிடாத ஒன்றை: ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு. அதிலும் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்த ரசிகர் தன் மைக்கில் பிடித்ததைத்தான் 'ரசிகர் பதிவு' என்கிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரே பாட்டை எத்தனை முறை கேட்பது?

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே குழு, அதே பத்துப் பதினைந்து பாட்டு. இதில் நூறு கச்சேரிகளைச் சேர்த்து வைத்து என்ன செய்வது?

எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தாது. ஆல்பத்தில் இருப்பதை அட்சரம் பிசகாமல் மேடையில் வாசிக்கும் குழுக்கள் உண்டு. அவற்றின் ஒரு கச்சேரியைக் கேட்டால் போதும். லெட் செப்பலின் அந்த ரகம் அல்ல. "டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்" 1969-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடப் பாட்டு. 1970-களின் நடுவில் மேடையில் அது அரை மணி நேரத்தைத் தாண்டியது. நடுவில் ஜிம்மி பேஜ் வயலின் வில்லால் கிதாரை மீட்டும் பகுதி ஒன்று உண்டு. அது முடிந்ததும் டிரம்ஸில் ஜான் பான்ஹமும் பேஸ் கிதாரில் ஜான் பால் ஜோன்ஸும் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது அன்றைய இரவுக்குத்தான் தெரியும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தோடி ஆலாபனை ஒன்றைக் கேட்டாயிற்று, இனித் தோடியே வேண்டாம் என்று எந்த ரசிகரும் சொல்வதில்லை.

ஆக, இந்தச் சேகரிப்பில் கணக்கு பாட்டில் இல்லை, தேதியில் இருக்கிறது. சேகரிப்பாளர் இருவர் பேசிக்கொள்ளும்போது பாட்டின் பெயர் பெரும்பாலும் அடிபடாது. "எழுபத்தைந்து மார்ச் இருபத்தேழு எப்படி?" என்பார் ஒருவர். மற்றவருக்கு அது எந்த ஊர், எந்த அரங்கு என்று தெரிந்திருக்கும்.

தேதிவாரியாகக் கேட்கும்போது ஆல்பங்களில் கிடைக்காத இன்னொன்றும் கிடைக்கிறது: ஒரு சுற்றுப்பயணத்தின் ஏற்ற இறக்கம். 1975 ஜனவரியில், அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த நேரத்தில், ரயில் கதவில் சிக்கி பேஜின் இடக்கை விரலில் அடிபட்டது. கிதார் கலைஞருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை. விரலை வருத்தும் "டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்" பயணத்தின் தொடக்கத்தில் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. போதாக்குறைக்குப் பாடகர் ராபர்ட் பிளாண்டுக்குக் காய்ச்சல், குரல் கட்டிப்போயிருந்தது. அந்த ஜனவரிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, அதே பயணத்தின் கடைசியில், மார்ச் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்த மூன்று இரவுகளைக் கேளுங்கள். விலக்கப்பட்ட பாட்டு திரும்பிவிட்டது, குழு முழு வேகத்தில் இருக்கிறது. இந்தக் கதை முழுதும் ரசிகர்கள் மடியில் வைத்துப் பிடித்த டேப்புகளில்தான் இருக்கிறது. 1975, 1977 அமெரிக்கப் பயணங்களிலிருந்து முழுக் கச்சேரி எதுவும் அதிகாரப்பூர்வ ஆல்பமாக வரவில்லை.

குழு இயங்கிய காலத்தில் வந்த ஒரே அதிகாரப்பூர்வ நேரடி ஆல்பம் 1976-இல் வந்தது. அது 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவானது. பிறகு 2003-இல் "ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்" வந்தது. 1972 ஜூன் 25 லாஸ் ஏஞ்சலஸ், ஜூன் 27 லாங் பீச் ஆகிய இரு இரவுகளை வெட்டி ஒட்டி ஒரே கச்சேரியாகச் செய்த ஆல்பம் அது. ஒலித்தரத்தில் அதனோடு எந்த ரசிகர் பதிவும் போட்டியிட முடியாது. ஆனால் ஜூன் 25 கச்சேரி முதலிலிருந்து கடைசிவரை எந்த வரிசையில், எந்த மூச்சில் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுக்குத்தான் போக வேண்டும்.

மூன்று வகை மூலங்கள்

கச்சேரிப் பதிவு உங்கள் கைக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. வானொலி ஒலிபரப்பைப் பிடித்தது ஒரு வகை. லெட் செப்பலினைப் பொறுத்தவரை பி.பி.சி. நிகழ்ச்சிகள் இதில் முக்கியமானவை. அவற்றில் பெரும்பகுதி 1997-இலும் பிறகும் அதிகாரப்பூர்வமாகவே வந்துவிட்டதால் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது சவுண்ட்போர்டு: மேடை மைக்குகளின் ஒலியையெல்லாம் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து நேராக ஒரு டேப்புக்கு இழுத்தது. குழுவின் ஆட்கள் தங்கள் உபயோகத்துக்கு எடுத்தது எப்படியோ வெளியே கசிந்திருக்கும். மூன்றாவது ரசிகர் பதிவு.

இவற்றில் சவுண்ட்போர்டுதான் உயர்ந்தது, ரசிகர் பதிவு ஏழைகளின் மாற்று என்ற எண்ணம் புதியவர்களிடம் உறுதியாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மிக்சருக்குள் போவது மைக்கும் கம்பியும் கொண்டுவந்த ஒலி மட்டும். அரங்கம் அதில் இல்லை. பாடகரின் குரல் காதருகே நிற்கும். டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல வறண்டு ஒலிக்கும். பதினேழாயிரம் பேரின் ஆரவாரம் பக்கத்து வீட்டு வானொலி போலத் தேய்ந்து கேட்கும். மேடையிலேயே பலமாக ஒலிக்கும் கருவியை மிக்சரில் குறைத்து வைப்பார்கள் என்பதால் கருவிகளுக்கு இடையிலான சமநிலையும் கோணலாக இருக்கும். குழு என்ன வாசித்தது என்று துல்லியமாக அறிய சவுண்ட்போர்டு நல்லது. அன்று அங்கே இருந்தவருக்கு அது எப்படிக் கேட்டது என்பதை நல்ல ரசிகர் பதிவுதான் சொல்லும்.

'நல்ல' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலான ரசிகர் பதிவுகள் மோசமானவை. கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு கலந்து குழைந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரர் பாடுவார், தவறான சுருதியில். விசில் அடிப்பார். யாரோ ஒருவர் மென்மையான பகுதி முழுக்க நண்பனைத் தேடிக் கத்துவார். மலிவான ரெக்கார்டர்களில் தானாக ஒலியளவைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கும். பான்ஹம் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் மற்ற எல்லா ஒலியும் ஒரு கணம் அமுங்கி மீளும். இத்தனையையும் தாண்டி ஒரு பதிவு தேறுகிறது என்றால் அதற்குக் காரணம் மூன்று: மைக்கின் தரம், உட்கார்ந்த இடம், பிடித்தவரின் பொறுமை.

சக்கர நாற்காலியில் ஒரு ரெக்கார்டர்

மூன்றும் ஒருங்கே அமைந்தவர் மைக் மில்லார்ட். தெற்குக் கலிஃபோர்னியாக்காரர். 1970-களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்த பெரிய குழுக்கள் பலவற்றைப் பதிவு செய்தவர். 1994-இல் இறந்துவிட்டார். பூட்லெக் உலகில் அவருக்கு 'மைக் த மைக்' என்று பெயர்.

அவர் பயன்படுத்தியது நாகமிச்சி 550 கேசட் ரெக்கார்டர், ஏ.கே.ஜி. நிறுவனத்தின் 451 ரக மைக் இரண்டு. நாகமிச்சி 550-ஐச் சட்டைப்பைக் கருவி என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்துச் செல்லக்கூடியது என்று விற்கப்பட்டாலும் கனமான பெட்டி அது. பேட்டரி போட்டால் இன்னும் கனம். வாசலில் பாதுகாவலர்கள் பைகளைச் சோதிக்கும் அரங்குக்குள் அதை எப்படிக் கொண்டுபோவது? மில்லார்ட் சக்கர நாற்காலியில் போனார். அவருக்கு நடப்பதில் எந்தக் குறையும் கிடையாது. நண்பர் ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். கருவி நாற்காலிக்குள் மறைந்திருக்கும். மாற்றுத்திறனாளியை எழுப்பிச் சோதிக்க வாசல் காவலர் தயங்குவார் என்பது கணக்கு. இதைக் கேட்டுச் சிரிப்பதா முகம் சுளிப்பதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இப்படி அவர் பிடித்தவற்றுள் தலையாயது 1977 ஜூன் 21. ஃபோரம் அரங்கில் அந்த மாதம் குழு வாசித்த ஆறு இரவுகளில் முதல் இரவு. சேகரிப்பாளர்கள் இதை "லிசன் டு திஸ், எட்டி" என்ற பூட்லெக் பெயரால் அறிவார்கள். பெயரில் உள்ள எட்டி, கிதார் கலைஞர் எட்டி வான் ஹாலன் என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் பேச்சு. பதிவைப் போட்டதும் முதலில் பிடிபடுவது டிரம்ஸ். பான்ஹம் காலால் அடிக்கும் டிரம் மார்பில் வந்து மோதுகிறது. சிம்பல் என்னும் உலோகத் தட்டு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இடமும் வலமுமாக விரிகிறது. கிதார் முன்னால் நிற்கிறது. கூட்டத்தின் ஒலி சுற்றிலும் இருக்கிறது, ஆனால் எந்தத் தனிக்குரலும் மைக்கை மறைக்கவில்லை. மில்லார்ட் கைதட்டவில்லை, பேசவில்லை, மூன்று மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தான் விரும்பும் குழுவின் கச்சேரியில் அப்படி உட்கார்வது லேசான காரியமா என்ன?

அவரும் வெல்ல முடியாதது ஒன்று உண்டு: கேசட்டின் நீளம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் மூன்று முறையாவது கேசட்டைத் திருப்பியோ மாற்றியோ ஆக வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பிளாண்ட் பேசும் நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அரை மணி நேரம் ஓடும் பாட்டின் நடுவில் டேப் தீர்ந்துபோனால்? சில விநாடிகள் காணாமல் போகும். பழைய ரசிகர் பதிவுகளில் திடீரென ஒலி அறுந்து மீண்டும் தொடங்கும் இடங்கள் இவைதான். இன்று ஆர்வலர்கள் அந்த இடைவெளியை அதே இரவின் வேறொருவர் பதிவைக் கொண்டு ஒட்டுப்போடுகிறார்கள். ஒரு நொடியில் ஒலி மங்கி, அரங்கின் வேறொரு மூலைக்குப் போய்விட்டது போலக் கேட்கும். சில விநாடிகளில் திரும்பி வந்துவிடும். பழகிய காதுக்கு இது உறுத்தாது.

வம்சாவளியைப் படிப்பது

இப்போது சேகரிப்பின் மையத்துக்கு வருகிறோம். 1977 ஜூன் 21 உங்களிடம் இருக்கிறது என்பதால் உங்களிடம் இருப்பதும் இன்னொருவரிடம் இருப்பதும் ஒன்றாகிவிடாது. அசல் கேசட்டிலிருந்து எடுத்த நகல் முதல் தலைமுறை. அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. கேசட்டுக்குக் கேசட் நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படி ஏறும், கூர்மையான மேல்ஒலிகள் ஒரு படி குறையும். ஐந்தாறு கை மாறிய பதிவில் சிம்பல் ஒலி மணல் சரிவது போலாகிவிடும். மில்லார்ட் தன் அசல்களை எளிதில் யாருக்கும் கொடுத்தவர் அல்லர். கொடுத்த நகல்களிலும் அடையாளம் வைத்திருந்தார், பின்னாளில் கடையில் பூட்லெக்காக வந்தால் யார் வழியாகக் கசிந்தது என்று கண்டுபிடிக்க. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பதிவுகளின் அசலுக்கு நெருக்கமான டேப்புகளிலிருந்து புதிதாக எடுத்த இலக்க (டிஜிட்டல்) பிரதிகள் வெளியாயின. பல்லாண்டு பழகிய கச்சேரிகள் திரை விலகியது போலக் கேட்டன.

இலக்க முறைக்கு வந்தபின் நகலில் தரம் குறைவதில்லை. கோப்பு கோப்பாகவே போகிறது. ஆனால் புதிய ஆபத்து ஒன்று முளைத்தது: அளவைச் சுருக்குவதற்காக ஒலியின் ஒரு பகுதியை வெட்டிவிடும் எம்பி3. ஒருமுறை எம்பி3 ஆக்கியதைப் பிறகு எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் வெட்டியது திரும்பாது. ஆகவே சேகரிப்பாளர்கள் இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் மட்டுமே பரிமாறிக்கொள்கிறார்கள். கேட்க எம்பி3 வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மட்டும் அதைக் கொடுக்காதீர்கள்.

எம்பி3 ஒன்றைத் திரும்ப ஃப்ளாக் ஆக்கி நல்லது போல உலவவிடுகிறவர்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒலியின் அதிர்வெண்களை வரைபடமாகக் காட்டும் இலவச மென்பொருள் போதும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் கத்தியால் நறுக்கியது போல நேர்கோடு தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பழைய கேசட்டிலும் மேல்ஒலிகள் குறைவுதான், ஆனால் அங்கே அவை படிப்படியாக மங்கும், நேர்கோடு விழாது.

பொறுப்புள்ள பிரதி எதனோடும் ஒரு சிறு உரைக்கோப்பு சேர்ந்து வரும். தேதி, ஊர், அரங்கு, பாட்டு வரிசை, அதோடு 'வம்சாவளி': எந்த மைக், எந்த ரெக்கார்டர், எத்தனையாவது தலைமுறை கேசட், எந்த டெக்கில் ஓட்டி எதன் வழியாகக் கணினிக்குள் வந்தது, வேகம் திருத்தப்பட்டதா, ஒட்டுப்போட்ட இடங்கள் எவை. புதியவர்கள் இதை அநேகமாகத் திறந்தே பார்ப்பதில்லை. நான் இசையைப் போடுமுன் அதைத்தான் படிப்பேன். வம்சாவளி இல்லாமல் "அற்புதத் தரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பிரதியை அவசரப்பட்டு எடுப்பதில்லை.

வேகம் என்றேன். ரெக்கார்டரின் பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடும். அப்படிப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறி ஒலிக்கும். பிளாண்டின் குரல் சிறுவன் குரல் போல இருந்தால் முதலில் டேப்பைச் சந்தேகியுங்கள். திருத்துகிறவர்கள் பியானோ போல நிலையான சுருதி கொண்ட கருவி வரும் இடத்தைப் பிடித்து ஒப்பிடுவார்கள். மெல்லோட்ரானை நம்பக் கூடாது. ஜோன்ஸ் மேடையில் சில ஆண்டுகள் வாசித்த அந்தக் கருவி தானே உள்ளுக்குள் டேப் ஓட்டி ஒலிப்பது. அதன் சுருதி அதற்கே நிச்சயமில்லை.

இன்னொரு எச்சரிக்கை, 'ரீமாஸ்டர்' என்ற அடைமொழி பற்றி. வீட்டிலிருந்தபடி மென்பொருளால் இரைச்சலை நீக்குகிறேன் என்று தொடங்கி, இரைச்சலோடு சிம்பலையும் அரங்கின் காற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்ட பதிவுகள் ஏராளம். கொஞ்சம் இரைச்சலோடு இருக்கும் மூலப் பிரதியே என் தேர்வு. இரைச்சலுக்குக் காது பத்து நிமிடத்தில் பழகிவிடும். துடைத்துப்போன ஒலிக்குப் பழகாது.

சட்டமும் நியாயமும்

லெட் செப்பலின் மேலாளர் பீட்டர் கிராண்ட் ஆஜானுபாகுவான மனிதர், முன்னாள் மல்யுத்த வீரர். பூட்லெக்காரர்கள் என்றால் அவருக்கு ஆகாது. 1971-இல் கனடாவின் வான்கூவரில் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவி போல ஒன்றைக் கண்டார். போய் அடித்து நொறுக்கினார். கச்சேரி எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அளக்க அதிகாரிகள் வைத்திருந்த கருவி அது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே காலத்தில் நேர் எதிரான வழியில் போனது சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியின் கிரேட்ஃபுல் டெட் குழு. ரசிகர்கள் பதிவு செய்வதை அது கண்டும் காணாமல் விட்டது; 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. காசுக்கு விற்கக் கூடாது என்பது மட்டுமே எழுதாத சட்டம். அந்தக் குழுவின் கச்சேரிகளில் ஏராளமானவை இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவருமா என்று சட்டச் சிக்கல் இல்லாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே தொடங்கலாம். தலைமுறை, மைக், வம்சாவளி என்று இங்கே சொன்னதெல்லாம் அங்கும் அப்படியே பொருந்தும்.

லெட் செப்பலின் அப்படிப்பட்ட அனுமதி எதையும் தரவில்லை. அமெரிக்காவில் கச்சேரியை அனுமதியின்றிப் பதிவுசெய்து விற்பதற்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 1994-இல் வந்தது. இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம் மேடைக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது உரிமை தந்தது. ஆகவே இது சட்டத்தின் நிழலில் நடக்கும் சேகரிப்பு என்பதை மறைப்பதில் பயனில்லை. 2007-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் பூட்லெக் விற்பனை வழக்கு ஒன்றில் ஜிம்மி பேஜ் நேரில் வந்து சாட்சி சொன்னார். ரசிகர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதை அவர் பெரிதாகக் குறைசொல்லவில்லை; அதை அதிகாரப்பூர்வ ஆல்பம் போல அட்டை போட்டு விற்பதைத்தான் கடிந்தார்.

சேகரிப்பாளர்களின் மரபும் ஏறக்குறைய இதே கோட்டில் நிற்கிறது. கேசட் காலத்தில் புதியவரிடம் மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெற்று கேசட்டுகளையும் திரும்ப அனுப்பத் தபால் செலவையும் அனுப்பினால் அனுபவசாலி ஒருவர் நகலெடுத்து அனுப்புவார். பணம் கைமாறாது. இன்றும் பளபளக்கும் அட்டையில், பெருந்தொகைக்கு விற்கும் பூட்லெக் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கலைஞருக்கும் போகாத, மைக்கைப் பிடித்தவருக்கும் போகாத பணம் அது. போதாததற்கு அவற்றின் அட்டையில் தேதி தவறாக இருக்கும், இரண்டு இரவுகளைக் கலந்து ஒன்றாக்கியிருப்பார்கள், பாட்டுப் பெயரையே மாற்றியிருப்பார்கள்.

கள்ளத்தனமாக உலவிய ஒன்று நேர்வழிக்கு வருவதும் உண்டு. 1972-இல் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள கலைஞர்களோடு ஸ்டூடியோவில் தங்கள் பாடல்கள் இரண்டைப் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகள் அது சேகரிப்பாளர்கள் கைகளில் மட்டுமே புழங்கியது. 2015-இல் "கோடா" ஆல்பத்தின் விரிவான பதிப்பில் அதிகாரப்பூர்வமாக வந்தது. இது ஸ்டூடியோப் பதிவுதான், ரசிகர் பதிவு அல்ல. ஆனாலும் நம் நாட்டில் பிறந்த ஒன்று என்பதால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எங்கே தொடங்குவது

நூற்றுக்கணக்கான கச்சேரிகளை ஒரே வாரத்தில் தரவிறக்கி வைப்பது இன்று முடிகிற காரியம். அப்படிச் செய்தவர்கள் பெரும்பாலும் எதையும் கேட்பதில்லை. ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 1970 செப்டம்பர் 4 இதற்குப் பொருத்தம், ஏனென்றால் அந்த ஒரு இரவுக்கே வெவ்வேறு ரசிகர் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை எடுத்து ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் குரல் அருகில் இருக்கும், மற்றொன்றில் டிரம்ஸ். ஒன்றில் விட்டுப்போனது மற்றொன்றில் இருக்கும். எந்த விளக்கத்தைவிடவும் இந்த ஒரு மணி நேரம் காதுக்கு அதிகம் கற்றுத்தரும்.

பிறகு 1977 ஜூன் 21. அதை முடித்ததும் அதே வாரத்தின் ஜூன் 23-க்குப் போகலாம். 'த ஹூ' குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் எதிர்பாராமல் மேடையேறிய இரவு அது. பான்ஹமின் தனி ஆவர்த்தனம் இருபது நிமிடத்தைத் தாண்டும் இடங்களில் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நானும் செய்வதுண்டு.

ஜப்பானுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். 1971 செப்டம்பரில் குழு முதன்முறையாக அங்கே போனது. பயணத்தின் கடைசி இரவான செப்டம்பர் 29, ஒசாகா, சேகரிப்பாளர்கள் பலரின் விருப்பப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. மென்மையான பாடல்களின்போது கூட்டம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காது நன்றாகப் பழகிய பிறகு மட்டும் 1968 டிசம்பர் 30-ஐ எடுங்கள். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில், கொன்சாகா பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த கச்சேரி. வெளியில் புழங்கும் லெட் செப்பலின் பதிவுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஒலித்தரம் சுமார்தான், முதல் தடவையிலேயே இதைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள். குழுவின் முதல் ஆல்பம் கடைக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. பாட்டு முடிந்ததும் எழும் கைதட்டலைக் கேட்டாலே அது புரிந்துவிடும். எட்டரை ஆண்டுகள் தள்ளி ஃபோரம் அரங்கில் எழும் ஆரவாரத்தை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.